மரமில்லாத மலையைப் படிப்பது எப்படி: வேலூர்ப் புதர்க்காட்டுக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைப் பற்றி இந்த ஊர்க்காரர்களே சொல்லிக்கொள்ளும் ஒரு பழைய பேச்சு உண்டு. 1981ஆம் ஆண்டு ஜலகண்டேசுவரர் கோயிலில் லிங்கம் மீண்டும் நிறுவப்பட்டபோது அந்த வரிசையில் ஒன்று கழிந்துபோயிற்று. மலையையும் அதிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது பல ஆண்டுகள் இந்தக் குன்றுகளில் ஏறி இறங்கிய பிறகு எனக்கு உண்டான உறுதியான எண்ணம். சத்துவாச்சாரியிலிருந்தோ ஓட்டேரிப் பக்கமிருந்தோ பார்க்கும்போது வெறும் பாறையும் காய்ந்த முள்ளுமாகத் தெரிகிற இடம், தனக்கென்று மரங்களும் புல்லும் பறவைகளும் பாம்புகளும் கொண்ட புதர்க்காடு. அதை எந்த வரிசையில், எதை முதலில் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

இதில் நான் அக்கறை கொள்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கல்லூரி நாளில் நாங்கள் ஒரு குழுவாக ஒரு குன்றின் சரிவில் மரக்கன்று நடப் போனோம். குழி தோண்ட வசதியாக இருக்கட்டும் என்று அங்கிருந்த சூரைப் புதர்களையும் காரைப் புதர்களையும் வெட்டி அப்புறப்படுத்தினோம். அடுத்த கோடைக்குள் நாங்கள் நட்ட கன்றுகள் ஏறக்குறைய எல்லாமே கருகிவிட்டன. வெட்டாமல் விட்ட ஒரு சூரைப் புதரின் நடுவிலிருந்து மட்டும், யாரும் நடாத ஒரு வேம்பு இடுப்பளவு உயரத்துக்கு எழுந்திருந்தது. ஆடு மேய்க்கும் ஒரு பாட்டி அதைக் காட்டி, "முள்ளுக்குள்ள ஆடு வாய வெக்காது தம்பி, அதான் அது பொழச்சிக்கிச்சு" என்றார். புதர்க்காட்டுச் சூழலியலில் நான் கற்ற முதல் பாடம் அந்த ஒரு வாக்கியம்தான்.

முதற்படி: ஒரே ஒரு குன்றைத் தேர்ந்தெடுங்கள்

ஏலகிரி, ஜவ்வாது மலை, அமிர்தி, வள்ளிமலை என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஓர் இடமாகச் சுற்றினால் எதுவும் மனத்தில் தங்காது. வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஒரு குன்றை எடுத்துக்கொண்டு, ஓராண்டு முழுவதும் மாதம் ஒருமுறையாவது அதே பாதையில் செல்லுங்கள். எங்கள் பக்கத்தில் மலைகளில் பெரும்பகுதி காப்புக்காடாக இருப்பதால், கோயிலுக்குச் செல்லும் படிக்கட்டையோ பொதுச்சாலையையோ விட்டு உள்ளே கால் வைப்பதற்கு முன் வனச்சரக அலுவலகத்தில் அனுமதி பெற்றாக வேண்டும். 1882ஆம் ஆண்டு வனச்சட்டமும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் இன்றும் நடப்பில் இருப்பவை. அனுமதி கிடைக்கும் வரை, மலைக்கோயில் படிகளின் இருபுறமும் ஏரிக்கரையும் கோயில்காடுமே தொடக்கப் பயிற்சிக்குப் போதுமானவை. கோயில்காட்டைக் குறிப்பாகச் சொல்கிறேன். அம்மனுக்கும் முனீசுவரனுக்கும் விட்டுவைத்த அந்தச் சிறு தோப்புகளில், மற்ற இடங்களில் வெட்டுப்பட்டுப்போன மரங்கள் முழு உயரத்துக்கு வளர்ந்து நிற்பதைக் காணலாம்.

எப்போது, எப்படிப் போவது

விடியற்காலையில் கிளம்பி ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். பாறை அதைவிடச் சுடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், முழுக்கால்சட்டை, கணுக்கால் மூடும் காலணி, ஒரு கைத்தடி ஆகியவை கட்டாயம். சுருட்டை விரியன் இப்படிப்பட்ட வறண்ட கல்காட்டில் வாழும் பாம்பு. சிறியது, மண்நிறம், கல்லுக்கடியில் சுருண்டு கிடக்கும். மிரண்டால் தன் செதில்களை ஒன்றோடொன்று உரசி அரம் தேய்ப்பது போன்ற ஒலியை எழுப்பும். அந்த ஒலி கேட்டால் அசையாமல் நின்று, எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுப் பின்வாங்குங்கள். எந்தக் கல்லையும் கையால் புரட்டாதீர்கள். கடி பட்டுவிட்டால் கயிறு கட்டுவதும் கீறிவிடுவதும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், 108 ஊர்தியை அழைத்து, நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு நேராகக் கொண்டு செல்லுங்கள். செங்குத்துப் பாறைகளில் மலைத்தேனீ அடை தொங்கினால் அதன் கீழே புகைபிடிப்பதோ வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு நிற்பதோ ஆபத்து. ஜவ்வாது மலைப் பக்கம் கரடி உண்டு என்பதால் அங்கே தனியாகப் போகவே வேண்டாம்.

இரண்டாம் படி: செடிக்கு முன் நிலம்

பெரும்பாலானோர் போனவுடன் பெயர் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் அடிவாரத்தில் கால் மணி நேரம் நின்று மலையின் உருவத்தைப் பாருங்கள். பாறை எங்கே வெங்காயச் சருகு போல ஏடு ஏடாக உரிந்திருக்கிறது, உருண்டைக் கற்கள் எங்கே அடுக்கி நிற்கின்றன, அவற்றின் இடுக்கில் எங்கே செம்மண் தேங்கியிருக்கிறது, மழைநீர் எந்த வழியே இறங்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். இங்கே மண்ணின் ஆழம் சில இடங்களில் ஒரு சாண்கூட இருக்காது. அந்த ஆழம்தான் எந்தச் செடி எங்கே நிற்கும் என்பதைப் பெருமளவுக்கு முடிவு செய்கிறது. வெறும் பாறைப் பிளவில் கள்ளியும் பிரண்டையும், மெல்லிய மண்ணில் புல்லும் விராலியும், கற்களுக்கு நடுவே சேர்ந்த மண்ணில் முட்புதரும், ஓடைப்பள்ளத்தில் நாவலும் புங்கமும் அத்தியும் என்று ஒரே குன்றில் நூறடிக்குள் நான்கு விதக் காடுகளைப் பார்த்துவிடலாம்.

சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதையும் குறியுங்கள். தை முதல் பங்குனி வரை சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், தெற்கு நோக்கிய சரிவு விரைவில் காய்ந்து இலை உதிர்க்கும். வடக்கு நோக்கிய சரிவில் பச்சை சில வாரங்கள் கூடுதலாக நிற்கும். மாசி மாதத்தில் ஒரே குன்றின் இரண்டு பக்கங்களையும் ஒரே நாளில் பார்த்துவிட்டால் இது பிறகு மறக்கவே மறக்காது.

மூன்றாம் படி: பத்துச் செடிகள், கையால் அறிந்து

நூறு பெயர்களை மனப்பாடம் செய்வதைவிடப் பத்துச் செடிகளைத் தொட்டும் முகர்ந்தும் அறிவது மேல். நான் புதியவர்களுக்குச் சொல்லும் பத்து இவை: சூரை, இலந்தை, களா, காரை, உசில், வெள்வேல், ஆவாரை, விராலி, சதுரக்கள்ளி, வெப்பாலை.

முள்ளிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அதுதான் முதலில் உங்களை நிறுத்தும். சூரையிலும் இலந்தையிலும் இலைக்காம்பின் அடியில் உள்ள இலையடிச் செதில்தான் முள்ளாக மாறியிருக்கிறது. சூரையின் முள் பின்னோக்கி வளைந்திருப்பதால், உள்ளே நுழைவது எளிது, சட்டை கிழியாமல் வெளியே வருவது கடினம். களாவின் முள் கவட்டை போல இரண்டாகப் பிரியும். இலையைக் கிள்ளினால் பால் வரும். உசிலின் சிற்றிலையைக் கசக்கி நீரில் தேய்த்தால் நுரைக்கும். தலைக்குத் தேய்க்கும் அரப்பு இந்த மரத்தின் இலைதான். விராலி இலையில் பளபளப்பான பிசின் ஒட்டும். வெயிலில் நீர் இழப்பைக் குறைக்க அந்தச் செடி பூசிக்கொண்ட மேற்பூச்சு அது. சதுரக்கள்ளியின் தண்டே பச்சையாக இருந்து இலையின் வேலையைச் செய்கிறது. கள்ளியும் பிரண்டையும் பகலில் தம் மூச்சுத்துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் அதை உணவாக்குகின்றன. கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதை மட்டும் உடைத்துப் பார்க்க வேண்டாம்.

ஆவாரையைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிலுக்கு ஒரு காலத்தில் ஆதாரமாக இருந்தது இந்த மஞ்சள் பூச்செடியின் பட்டை. வெளிநாட்டு வாட்டில் மரத்தின் பட்டையும் பிறகு குரோமிய உப்பும் வருவதற்கு முன், புதர்க்காட்டின் ஆவாரம்பட்டையும் மலைக்காட்டின் கடுக்காயுமே தோலைத் தோலாக நிலைநிறுத்தின. தரிசு என்று நாம் ஏடுகளில் எழுதிவைத்திருக்கும் நிலம் ஒரு மாவட்டத்தின் தொழிலைத் தாங்கியிருக்கிறது.

நான்காம் படி: ஒரு புதரின் முன் ஒரு மணி நேரம்

இந்தக் கட்டுரையில் எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள். ஆளுயரமுள்ள ஒரு சூரைப் புதரையோ களாப் புதரையோ தேர்ந்தெடுத்து, நான்கடி தள்ளி அமர்ந்து, கைத்தடியால் கிளையை மெல்ல விலக்கி உள்ளே பாருங்கள்.

முதலில் வெளிச்சத்தின் வேறுபாடு தெரியும். வெளியே கொதிக்கும் மண், உள்ளே நிழலில் சருகு மூடி, தொட்டால் குளிர்ந்திருக்கும். சருகின் மேல் வெள்ளையும் ஊதாவுமாகப் பறவை எச்சம் சிதறியிருக்கும். அதில் விதைகளைக் காணலாம். சின்னான் என்னும் கொண்டைக்குருவி அருகிலுள்ள வேம்பிலோ களாவிலோ பழம் தின்றுவிட்டு, வல்லூறு எட்டாத இந்த முட்கிளையில் வந்து அமர்கிறது. அது இட்ட எச்சத்திலிருந்து விழுந்த விதைக்கு நிழலும் சருகு உரமும் ஈரமும் கிடைக்கின்றன, ஆட்டின் வாய் எட்டுவதில்லை. சற்றே உற்றுப் பார்த்தால் விரலளவு வேப்பங்கன்று ஒன்றோ, காட்டு எலுமிச்சைக் கன்று ஒன்றோ, ஆதண்டைக் கொடி ஒன்றோ தலைநீட்டியிருக்கும். பத்து, பதினைந்து ஆண்டுகளில் அந்த வேம்பு புதருக்கு மேலே எழுந்து நிழல் பரப்பும். நிழல் பிடிக்காத சூரை மெல்ல மெலியும். பாறைச் சரிவில் மரம் வருகிற வழி இதுதான். குழந்தைக்குத் தொட்டில் எப்படியோ அப்படி இந்த நிலத்தில் மரத்துக்கு முட்புதர்.

அதே புதரின் அடியில் வேறு தடங்களையும் தேடுங்கள். உருண்டையான, நார் நிறைந்த புழுக்கை கிடந்தால் முயல். கறுப்பு வெள்ளை வளையமிட்ட முள் ஒன்று கிடந்தால் முள்ளம்பன்றி. இலந்தைக் கொட்டைகள் நிறைந்த சாணம் கிடந்தால் நரியோ மரநாயோ அந்த வழியே போயிருக்கிறது. மண் குலைந்து கிளறப்பட்ட கரையான் புற்று, எறும்புத்தின்னியான அழுங்கு வந்துபோன அடையாளமாக இருக்கலாம். நட்சத்திர ஆமையைக் கண்டால் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். வளர்ப்புப் பிராணியாகக் கடத்தப்படுவதால் 2019இல் அதன் பன்னாட்டு வணிகம் முற்றிலும் தடை செய்யப்பட்டது. கண்ட இடத்தை யாருக்கும் சொல்லவும் வேண்டாம், படத்தோடு பகிரவும் வேண்டாம்.

ஐந்தாம் படி: கயிறு போட்டு அளப்பது

கண்ணால் பார்த்தது நினைவில் மாறிப்போகும். எண்ணாக எழுதினால் நிற்கும். முப்பது மீட்டர் கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். சரிவின் குறுக்கே அதை நீட்டி, ஒவ்வொரு முடிச்சுக்கும் நேர்கீழே இருப்பது பாறையா, வெறும் மண்ணா, புல்லா, புதரா, மரமா என்று குறித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, முப்பது முடிச்சில் பாறை 9, மண் 5, புல் 7, புதர் 8, மரம் 1 என்று வந்தால் அந்தக் கோட்டில் புதரின் பங்கு ஏறத்தாழ நூற்றுக்கு 27. ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில், அதே மாதத்தில் இதைச் செய்யுங்கள். மண் கூடிப் புல் குறைந்தால் மேய்ச்சலோ அரிப்போ மிகுந்துவிட்டது என்று பொருள். கூடவே புதர்களின் உருவத்தையும் எழுதுங்கள்: கத்தரித்த மெத்தை போலத் தாழ்ந்து அடர்ந்திருந்தால் வெள்ளாடு தொடர்ந்து கடிக்கிறது, தளர்ந்து உயர்ந்திருந்தால் அந்தப் பகுதிக்கு ஓய்வு கிடைத்திருக்கிறது.

ஆறாம் படி: பருவத்தோடு போவது

வேலூருக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பயன் தருகின்றன. ஆடி, ஆவணியில் மாலை இடிமழையாகவும், ஐப்பசி, கார்த்திகையில் புயல்மழையாகவும் வருகின்றன. அதனால் இந்தக் காடு ஆண்டில் இரண்டு முறை தளிர்ப்பது போலத் தோன்றும். மாசி, பங்குனியில் இலையே இல்லாத கோங்கு மரத்தில் கையகல மஞ்சள் பூக்கள் பூத்திருப்பதை மலைச்சரிவில் தொலைவிலிருந்தே காணலாம். பலாசு தீப்பிடித்தது போலச் சிவக்கும். இலை மறைக்காதபோது பூத்தால் தேன் தேடும் பறவைக்கும் தேனீக்கும் பூ எளிதில் கண்ணில் படும். கோடையில் களாப்பழம், ஆனி ஆடியில் வேப்பம்பழம், ஆவணி முதல் சீத்தாப்பழம். சீத்தா அமெரிக்காவிலிருந்து வந்து எங்கள் குன்றுகளில் காடாகவே பரவிவிட்ட மரம். அதை அன்னியம் என்று வெட்டச் சொல்ல எனக்கு மனம் வராது, மலைவாழ் குடும்பங்களுக்கு அது வருமானமும் தருகிறது.

கோடையின் முதல் பெருமழைக்கு மறுநாள் காலை எந்த வேலை இருந்தாலும் விட்டுவிட்டுப் போய்விடுங்கள். மண்ணுக்கடியில் மாதக்கணக்காகக் காத்திருந்த சிவப்புப் பட்டுப்பூச்சிகள், அதாவது வெல்வெட் உண்ணிகள், ஈர மணலில் குங்குமத்துளி போல ஊர்ந்துகொண்டிருக்கும். பாறை இடுக்கில் பழுப்பாகச் சுருண்டு செத்துக்கிடந்தது போலிருந்த மயிற்சிகைப் பெரணி, சில மணி நேரத்தில் விசிறியாக விரிந்து பச்சையாகிவிடும். கோடையில் சுருண்ட ஒரு பெரணியின் இடத்தை முன்கூட்டியே கல் வைத்து அடையாளம் செய்துவிட்டு, மழைக்குப் பின் அதே செடியைப் பார்ப்பதைப் போலப் புதியவருக்கு நம்பிக்கை தருவது வேறில்லை.

பறவைகளை இந்தப் பயணங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கௌதாரியின் குரல், செம்போத்தின் ஆழ்ந்த கூவல், தவிட்டுக்குருவிக் கூட்டத்தின் சண்டை ஆகிய மூன்றையும் முதல் மாதத்திலேயே காதால் அறிந்துவிடலாம். பாறைக் குன்றுகளில் மஞ்சள் தொண்டைச் சின்னானைத் தேடுங்கள். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது, புதர் மூடிய கற்சரிவே அதற்கு வீடு.

ஏழாம் படி: கேடுகளை அடையாளம் காண்பது

மூன்றைக் கவனித்தால் போதும். முதலாவது தீ. புதுப்புல் முளைக்கும் என்று கோடையில் வைக்கப்படும் தீ, தரையளவில் ஓடிப் புல்லைத் திரும்ப வளரவிட்டாலும், புதருக்குள் இருந்த ஐந்தாண்டுக் கன்றை ஒரே இரவில் அழித்துவிடும். கருகிய இடத்தைக் கண்டால் தேதியோடு குறித்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள். இரண்டாவது உண்ணிச்செடி; அது ஓடைக்கரையிலிருந்து தொடங்கி நிழலையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது சீமைக்கருவேல், ஏரிப்படுகையிலும் அடிவாரத்திலும் அடர்ந்து நிற்கிறது. இவற்றை வேரோடு எடுப்பதற்கு அனுமதியும் தொடர்ந்த உழைப்பும் வேண்டும்; பாதியில் விட்டால் வெட்டிய அடிமரம் முன்பைவிட அடர்ந்து துளிர்க்கும்.

இந்தச் சரிவுகளின் மழைநீர்தான் ஓடைகளாகக் கூடி ஏரிகளுக்கும் பாலாற்றுக்கும் போகிறது. செய்யாறு ஜவ்வாது மலையில் பிறக்கிறது. புதரும் புல்லும் போன சரிவில் அதே மழை செம்மண்ணை அடித்துக்கொண்டு இறங்கி ஏரியைத் தூர்த்துவிடும். ஆற்றில் தண்ணீர் இல்லை என்று வருந்துகிறவர் மலைச்சரிவின் முட்புதரைப் பற்றியும் வருந்தியாக வேண்டும்.

எட்டாம் படி: நட வேண்டும் என்று ஆசைப்பட்டால்

ஓராண்டு பார்த்து முடிக்கும் வரை எதையும் நடாதீர்கள். அதன் பிறகும், அனுமதி கிடைத்த இடத்தில், முதலில் வெட்டுவதையும் தீயையும் மேய்ச்சலையும் மூன்று ஆண்டுகள் தள்ளிவைக்க முடியுமா என்று பாருங்கள். உசிலும் வெப்பாலையும் வெட்டிய கட்டையிலிருந்தே துளிர்க்கக்கூடியவை. வேர் உயிரோடு இருக்கும் நிலத்துக்குக் குழி தேவையில்லை, ஓய்வுதான் தேவை. விதை போடுவதானால் அதே குன்றில் பொறுக்கிய வேம்பு, உசில், காட்டு எலுமிச்சை விதைகளை, முதல் மழைக்குப் பின், ஏற்கெனவே நிற்கும் முட்புதரின் நிழல் விளிம்பில் போடுங்கள். வெட்டவெளியில் எறிந்த விதைப்பந்துகளை எறும்பும் எலியும் வெயிலும் பங்கிட்டுக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சந்தனம் நட விரும்புகிறவர்கள், அதன் வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றி உறிஞ்சி வாழ்வது என்பதை அறிந்திருக்க வேண்டும். துணைச்செடி இல்லாமல் தனியே நட்ட சந்தனக்கன்று தேறாது. புல்வெளியாகவே இருக்கிற பாறை மேட்டில் மரமே நட வேண்டாம்; கௌதாரிக்கும் முயலுக்கும் அந்த வெளி வேண்டும்.

இறங்கும்போது ஒரு சிறு வேலை உண்டு. கால்சட்டையிலும் சேலை ஓரத்திலும் ஊசிப்புல்லும் நாயுருவியும் ஒட்டியிருக்கும். வீட்டுக்கு வந்து பிடுங்கிக் குப்பையில் போடாமல், அடிவாரத்திலேயே ஒரு கல்லின் மேல் அமர்ந்து ஒவ்வொன்றாக எடுத்து அங்கேயே உதிர்த்துவிடுங்கள். காலணியின் அடியில் ஒட்டிய சேற்றை மட்டும் அடுத்த குன்றுக்குப் போவதற்கு முன் கழுவிவிடுங்கள், உண்ணிச்செடி இல்லாத இடத்துக்கு அதன் விதை நம் காலோடு போய்விடக் கூடாது.